எத்தினை நாளைக்குக் காணும்?

முகாமொன்றில் இருக்கும் 60 பேருக்கு 20 நாட்களுக்குப் போதுமான உணவு உண்டு. மேலும் 40 பேர் வந்து சேர்ந்தால் அந்த உணவு எத்தனை நாட்களுக்குப் போதும்?

இந்த வகைக் கணக்கைச் செய்யாமல் இலங்கையில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் போகமுடியாது. நேர்மாறு விகிதசமன் என்ற பாடத்தில் வரும். 60ஐ 20ஆல் பெருக்கி, வருவதை 100ஆல் வகுத்தால் 12. அடிக்கோடு கீறி, நாட்கள் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். பழைய ஆங்கில எண்கணித நூல்களில் இதே கணக்கு கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்ட படைவீரர்களைப் பற்றியதாக இருக்கும். நம்முடைய பாடநூல்களில் கோட்டை போய் முகாம் வந்தது. முகாம் என்று எழுதியவர்களின் மனதில் சாரணர் முகாமோ, சிரமதான முகாமோ இருந்திருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்தைத் தர்மபுரத்தில் விரித்துவைத்து ஒருமுறை உரத்து வாசித்துப் பாருங்கள். இன்று பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளை போர் முடிந்த பிறகு பிறந்தது. அதற்கு அது கணக்குத்தான். குசினிக்குள் வேலையாக நிற்கும் தாய்க்கும், திண்ணையில் இருக்கும் அம்மம்மாவுக்கும் அது கணக்கு அல்ல. அவர்கள் அதை வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள்: "உள்ளது எத்தினை நாளைக்குக் காணும்?" அதற்கு விடை கண்டும் இருக்கிறார்கள், பேனையும் கடதாசியும் இல்லாமல்.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் இருக்கிறது தர்மபுரம். கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேசச் செயலர் பிரிவு. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் விசுவமடு, முல்லைத்தீவு மாவட்டம். 2008ஆம் ஆண்டின் கடைசியில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து இங்கே வந்து இயங்கியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் வீழ்ந்தது. அந்த மாத நடுப்பகுதிக்குள் தர்மபுரமும் கைமாறியது. வைத்தியசாலையும் சனமும் மறுபடியும் அதே வீதியில் கிழக்கே நகர்ந்தார்கள். விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் ஆட்கள் கூடினார்கள், நிலம் குறைந்தது. ஒன்று கூட ஒன்று குறைவதுதான் நேர்மாறு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதை ஒரு வீதியின் நீளத்துக்கு நடந்து அறிந்த சனம் இது.

அந்த மாதங்களில் வன்னிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பெரிய வழக்கு. மாவட்ட அரச நிர்வாகத்தின் கணக்கு 3,30,000 அளவில் நின்றது. கொழும்பு சொன்ன கணக்கு 70,000 அளவில் நின்றது. போர் முடிந்தபோது வவுனியா மெனிக் பாம் முதலான முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கையில், உள்ளே இருந்த மக்கள் தொகையை அரசாங்கம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது, அதனால் உணவும் மருந்தும் மறுக்கப்பட்டன என்று பதிவுசெய்திருக்கிறது.

இதைப் பாடநூல் கணக்காக எழுதிப் பார்ப்போம். 70,000 பேருக்கு 30 நாட்களுக்குப் போதுமான உணவு, 3,30,000 பேருக்கு எத்தனை நாட்களுக்குப் போதும்? 30ஐ 7ஆல் பெருக்கி 33ஆல் வகுக்கவேண்டும். ஆறு நாளும் ஏறத்தாழ எட்டே முக்கால் மணித்தியாலமும் வரும். முப்பது நாளைக்கே அதை வைத்துச் சமாளிப்பதென்றால் ஒருவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடக் கிடைக்கும். செய்கை முழுவதும் மூன்று வரி. பிழைவிட ஒன்றும் இல்லாத கணக்கு. ஆனால் தரப்பட்ட எண்களில் ஒன்றை மாற்றியவர், விடையையும் தானே எழுதிவிட்டார். விகிதசமன் கணக்கில் மூன்று எண்கள் தரப்படும், நான்காவதைக் காணவேண்டும் என்று பழக்குகிறோம். தரப்பட்ட மூன்றையும் யார் தந்தார்கள், எங்கே இருந்து எடுத்தார்கள் என்று கேட்கப் பழக்குவதில்லை. வன்னியில் அந்தக் கேள்வி உயிரின் கேள்வியாக இருந்தது.

கஞ்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த மாதங்களின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று ஒவ்வொரு மே மாதமும் இன்று சந்திகளில் காய்ச்சி ஊற்றுகிறார்கள். அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. அன்று அரிசி கூடவில்லை, ஆட்கள் கூடினார்கள், ஆகவே தண்ணீர் கூடியது. கிடாரத்துக்குள் தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு கோப்பையிலும் அரிசி குறையும். கோப்பையின் அளவு மாறாது. கோப்பை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற ஒருவர் எல்லோருக்கும் உணவு கிடைத்தது என்று அறிக்கை எழுதமுடியும். எந்த அளவை எண்ணுகிறோம் என்பதில் கணக்கின் நேர்மை முழுவதும் தங்கியிருக்கிறது. கோப்பையை எண்ணலாம், பருக்கையை எண்ணலாம். பிள்ளையின் வயிற்றுக்குப் பருக்கைதான் கணக்கு.

இன்னொன்று. அந்தப் பாடநூல் கணக்கில் எழுதாமல் விடப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு: எல்லோரும் ஒரே அளவு உண்பார்கள் என்று கொண்டால். 12 நாள் என்ற விடை அந்த நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. வன்னியில் ஒரு குடும்பமும் அப்படி உண்ணவில்லை. தாய் தன் பங்கைக் குறைத்தாள். பால்குடிப் பிள்ளைக்காரிக்கு ஒரு கை கூட வைத்தார்கள். காய்ச்சல்காரருக்கு வடித்த கஞ்சி. சமமாகப் பங்கிட்டால் 12 நாள். ஆளுக்கு ஏற்றபடி பங்கிட்டால் 12 நாளுக்குப் பிறகும் ஒருவேளை பிள்ளை உயிரோடு இருக்கும். பொதுவான பங்கைக் கணக்கு சொல்லும், அதற்கு மேல் உள்ளதைத் தாய் தீர்மானிப்பாள். இதைச் சொல்வதால் கணக்குக்கு ஒரு குறையும் இல்லை. தன் நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்கிற கணக்கின் மேல்தான் எனக்கு மதிப்பு.

மூன்று தெரிந்தால் நான்காவதைக் காணும் முறை நமக்குப் புதிதல்ல. ஆரியபடர் 499இல் அதற்கு விதி எழுதினார். வடமொழியில் திரைராசிகம் என்றார்கள். தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கும் கணக்குகளால் நிறைந்திருக்கிறது. ஊர்க் கணக்குப்பிள்ளைக்கும் வணிகருக்கும் அந்தப் படிப்பு வயிற்றுப்பாட்டுக்கானது. பாஸ்கரர் 1150 அளவில் எழுதிய லீலாவதியில் நேர்மாறு விகிதத்துக்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்றை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பதினாறு வயது அடிமைப் பெண்ணின் விலை முப்பத்திரண்டு நிஷ்கம் என்றால், இருபது வயதுப் பெண்ணின் விலை என்ன? வயது கூட விலை குறையும், ஆகவே நேர்மாறு. 16ஐ 32ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 25.6. விடை சரி. ஒரு காலத்தின் சந்தையும் அதன் கொடுமையும் அந்தக் கணக்குக்குள் பத்திரமாக இருக்கின்றன. எண்கணித நூல்களை எண்களுக்காக மட்டும் வாசித்தால் இது கண்ணில் படாது. எந்தச் சமூகம் எதை எதற்கு ஈடாக வைத்தது என்று அறிய விரும்புகிறவர்கள் அதன் வசனக் கணக்குகளை வாசிக்கவேண்டும்.

இனி, நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். அவர்களுக்கு விகிதம் தெரியாது என்று சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியாது. கடைக்கு அனுப்பிய பையனைக் கேட்டுப்பாருங்கள்.

"தம்பி, சீனி கிலோ 240 எண்டால் 350 கிராம் என்ன விலை?"

"கால் கிலோ அறுபது. நூறு கிராம் இருபத்திநாலு. எண்பத்திநாலு ரூபா அண்ணை."

கண்ணை மேலே உருட்டி, விரலைத் தொடையில் தட்டிச் சொல்லிவிடுவான். அதே கேள்வியை வினாத்தாளில் வைத்தால் எக்ஸ் என்று ஒன்றை எடுப்பான், ஒன்றுக்கு 240, 350க்கு எக்ஸ் என்று எழுதுவான், குறுக்கே பெருக்குவான், 84,000 ரூபா என்று விடை எழுதி அடிக்கோடும் கீறுவான். கிலோவும் கிராமும் கலந்துபோனது அவனுக்குத் தெரியாது. கடையில் நின்றவனுக்கு 84,000 ரூபாச் சீனி என்றால் சிரிப்பு வந்திருக்கும். மேசையில் இருக்கிறவனுக்கு வரவில்லை. அங்கே அவன் சீனியை நினைக்கவில்லை, பெருக்கும் கோட்டை நினைத்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் காய்கறியும் தேங்காயும் விற்ற, 9 முதல் 15 வயதுவரையான ஐந்து பிள்ளைகளை மூன்று ஆய்வாளர்கள் கவனித்து 1985இல் எழுதினார்கள். டெரெசின்யா நூனெஸ், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமான் என்று அவர்களின் பெயர். வாடிக்கையாளர்போல் நின்று கேட்டபோது பிள்ளைகள் 98 வீதமான கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். அதே பிள்ளைகளுக்கு அதே எண்களை வசனக் கணக்காகக் கொடுத்தபோது 74 வீதம். வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 வீதம். தேங்காய் ஒன்று 35 குரூசெய்ரோ என்று விற்ற பையனிடம் பத்துத் தேங்காயின் விலையைக் கேட்டார்கள். மூன்றின் விலை அவனுக்கு மனப்பாடம். மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்கப் பூச்சியத்தைச் சேர் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருக்கும். அவன் அதைத் தொடவில்லை. அவன் கையாண்டது விகிதம்தான், தேங்காய்க் குவியலில் இருந்து எடுத்த விகிதம்.

அதற்காக, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. சந்தை அறிவுக்கும் எல்லை உண்டு. வயலில் அதைப் பார்க்கலாம். களைநாசினிப் போத்தலோடு நிற்கும் கமக்காரரிடம் எவ்வளவு கலக்கிறீர்கள் என்று கேட்டால், "டாங்கிக்கு ரெண்டு மூடி" என்பார். முதுகில் மாட்டும் தெளிகருவியின் 16 லீற்றர் டாங்கிக்குப் போத்தல் மூடிதான் அளவுகோல். போத்தலில் ஒட்டிய தாளில் ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் என்று இருக்கிறது என்றும், மூடி 20 மில்லிலீற்றர் கொள்ளும் என்றும் வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குப் பத்து டாங்கி அடிக்கிற ஆளுக்கு டாங்கிக்கு இரண்டு மூடி சரி. நடை வேகமானவர் எட்டு டாங்கியில் ஏக்கரை முடித்துவிடுவார். அவருடைய வயலுக்கு 320தான் போய்ச் சேர்ந்திருக்கும், களை சாகாது. மெல்ல நடக்கிறவர் பன்னிரண்டு டாங்கி அடிப்பார், அவருக்கு 480, காசும் மண்ணும் வீண். இரண்டு மூடி என்ற விகிதம் மூன்று பேருக்கும் ஒன்றுதான். மருந்தின் அளவு நிலத்தோடு கட்டப்பட்டது, டாங்கியோடு அல்ல. எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் படிப்பு வேண்டும். குறுக்குப் பெருக்கல் அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை.

நெல்லின் ஈரப்பதனும் அப்படி. நெல் சந்தைப்படுத்தும் சபை உலர்ந்த நெல்லுக்கு வைத்திருக்கும் எல்லை 14 வீத ஈரம். 20 வீத ஈரத்தோடு 100 கிலோ நெல் இருக்கிறது. காயவைத்து 14க்குக் கொண்டுவந்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? 6 வீதம் குறைந்தது, ஆகவே 94 என்று படித்தவர்களும் சொல்வார்கள். அது சரியல்ல. 100 கிலோவில் காய்ந்த மணியின் நிறை 80 கிலோ, அது மாறாது. காய்ந்த பிறகு அந்த 80 கிலோ மொத்தத்தில் 86 வீதமாக இருக்கவேண்டும். 80ஐ 0.86ஆல் வகுத்தால் 93 கிலோ. நியாயமான கழிவு 7 கிலோ. யாராவது 10 கிலோ கழிவு என்று சொல்லி நெல்லை ஏற்றினால் 3 கிலோ கமக்காரரின் உழைப்பில் இருந்து போகிறது. அறுவடை முடிந்து வீதியோரம் நெல் காயும் காலத்தில் இந்த ஒரு கணக்கைத் தன் தகப்பனுக்குச் செய்து காட்டக்கூடிய பிள்ளைக்கு, அந்தப் பாடத்தில் வேறு பரீட்சை தேவையில்லை.

விகிதம் பொருந்தாத இடத்தை அறிவதும் விகிதத்தை அறிவதில் சேர்ந்ததே. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1990களில் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு வைத்தார்கள். 200 மீற்றர் பக்கமுள்ள சதுரக் காணிக்குப் பசளையிட ஒரு விவசாயிக்கு 8 மணித்தியாலம் வேண்டும். பக்கம் 600 மீற்றர் என்றால் எவ்வளவு நேரம்? பெரும்பாலான பிள்ளைகள் 24 என்றார்கள். பக்கம் மூன்று மடங்கு என்றால் காணி ஒன்பது மடங்கு, விடை 72. மூன்று எண்களைக் கண்டவுடன் கை பெருக்கப் போய்விடுகிறது. நம் பரீட்சைகளும் அந்தக் கையைத்தான் பழக்குகின்றன, ஏனென்றால் விகிதசமன் பாடத்தின் கீழ் வரும் பயிற்சிகள் எல்லாம் விகிதசமன் கணக்குகளாகவே இருக்கின்றன. பொருந்தாத கணக்கு ஒன்றையாவது இடையில் வைத்து, இதைச் செய்யமுடியாது என்று எழுதும் பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுக்கும் ஆசிரியரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, அந்த நவம்பரிலேயே பின்வாங்கிய நாடு இது. விளைச்சல் உரத்துக்கு எந்த விதத்தில் கட்டுப்பட்டது என்று வயலில் இறங்கியவர்களைக் கேட்டிருந்தால், அந்தப் போகத்தின் வெறும் பதர் நமக்கு மிஞ்சியிருக்காது.

தர்மபுரத்துக்குத் தெற்கே கல்மடுக்குளம், மேற்கே கொஞ்சம் தள்ளி இரணைமடு. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் அணைக்கட்டு உடைக்கப்பட்டு வெள்ளம் வயல்களுக்குள்ளால் பாய்ந்தது. பின்னர் திருத்தினார்கள். இரணைமடுவின் அணையும் உயர்த்தப்பட்டு, இப்போது 36 அடி வரை நீர் பிடிக்கும். மாரி மழையில் காலபோகம் தப்பிவிடும். சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய நீர்தான். எல்லா வயலுக்கும் அது காணாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அரசாங்க அதிபரின் தலைமையில், நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்கார அமைப்புகளும் கூடி, இந்தமுறை எத்தனை ஏக்கர் விதைப்பது, ஏக்கருக்கு என்ன பங்கு என்று தீர்மானிப்பார்கள். வன்னியில் நடக்கும் மிகப் பெரிய விகிதசமன் பாடம் இதுதான். கரும்பலகை இல்லை, ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குடும்பம் எழுந்து நின்று பேசும்.

முதல் சிக்கல் அடியில் தொடங்கும். செய்திகளில் குளத்தின் நீரை அடியில்தான் சொல்வார்கள். 36 அடிக்கு இவ்வளவு ஏக்கர் என்றால் 18 அடிக்குப் பாதி ஏக்கர் என்று புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் நினைக்கக்கூடும். வயது போன கமக்காரர் ஒருவர் இதற்குச் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "அடியைப் பாத்து ஏக்கர் சொல்லேலாது தம்பி. மேலடி பெரிய அடி, கீழடி சின்ன அடி." ஒரு முழு அத்தியாயத்தை அவர் அதில் சொல்லிவிட்டார். குளத்தின் படுக்கை சரிவானது. மேலே இருக்கும் ஓர் அடி நீர் அகலமாகப் பரந்து கிடக்கும். அடியில் இருக்கும் ஓர் அடி ஒடுங்கியது. கணக்குக்காகக் குளத்தை ஒரு புனல் என்று வைத்துக்கொண்டால், பாதி ஆழத்தில் இருப்பது பாதி நீர் அல்ல, எட்டில் ஒரு பங்கு. உண்மையான குளம் அவ்வளவு கூராக ஒடுங்காது. ஆனாலும் பாதியில் இருந்து நன்றாகக் கீழே போகும். அதிலும் துருசுக்குக் கீழே கிடக்கும் நீர் வாய்க்காலுக்கு வராது. மீனுக்கும் மாட்டுக்கும் கிணறுகளின் ஊற்றுக்கும் அது வேண்டும்.

நீர் எவ்வளவு என்று ஒருவாறு முடிவாகிறது என்று வைப்போம். 20,000 ஏக்கர் வயலில் 8,000 ஏக்கருக்கு நீர் காணும். ஐந்துக்கு இரண்டு. மூன்று ஏக்கர் உள்ளவர் ஒன்றே கால் ஏக்கருக்குக் கிட்ட விதைக்கலாம். பத்து ஏக்கர் உள்ளவர் நான்கு ஏக்கர். எல்லோருக்கும் ஒரே விகிதம், யாரும் குறை சொல்லமுடியாது என்று தோன்றும். குறை சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். மூன்று ஏக்கர்க் குடும்பத்துக்கு ஒன்றே கால் ஏக்கரில் வருவது அடுத்த மாரிவரை அடுப்பு எரிவதற்கே காணாது. பத்து ஏக்கர்க்காரர் நான்கு ஏக்கரில் விற்கவும் செய்வார். காணிக்கு ஏற்ற பங்கா, குடும்பத்துக்கு ஒரே பங்கா? இரண்டையும் கணக்கு செய்து கொடுக்கும். எதைச் செய்யச் சொல்வது என்பதைக் கூடியிருக்கிறவர்கள்தான் தீர்மானிக்கவேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆரம்பத்தில் வைத்தார்கள். எல்லோருக்கும் சமம். சந்திக்குப் போய்வருகிறவருக்கும் 4 லீற்றர், நாளும் முப்பது கிலோமீற்றர் ஓடிப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் ரீச்சருக்கும் 4 லீற்றர். சமம் என்பதும் விகிதம் என்பதும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும் இடங்கள் இவை.

இதற்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் கிளிநொச்சி மாவட்டத்தின் பல கிராமங்களில் குடியேறின. தர்மபுரத்திலும் குடியேறின. காடு வெட்டினார்கள், மற்றவர்களின் வயலில் நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள், அறுத்தார்கள். வாய்க்கால் நீர் பாயும் வயற்காணி அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. மேட்டுக்காணியும் ஒரு கொட்டிலும்தான். அனுமதிப்பத்திரம் இல்லாத காணியில் இருந்தவர்களும் உண்டு. சிறுபோகக் கூட்டத்தில் ஐந்துக்கு இரண்டு என்று தீர்மானித்தால் இவர்களுக்கு என்ன பங்கு? ஐந்துக்கு நான்கு என்றாலும் என்ன பங்கு? பூச்சியத்தை எந்த விகிதத்தால் பெருக்கினாலும் பூச்சியம். விகிதத்தை எவ்வளவு நேர்மையாகக் கணித்தாலும், தொடக்கத்தில் ஒருவரைப் பட்டியலில் எழுதாமல் விட்டால் அந்த நேர்மை அவரைத் தொடாது. 2009இல் 70,000 என்று எழுதியவர்களுக்கு எதிராக நாம் சொன்ன வழக்கு இதுவேதான். அதை நம் குளக்கட்டில் நின்று நமக்குள்ளும் சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் பாரம் என்று சிலர் சொல்லக்கூடும். அம்மம்மாமார் சொல்லும் கதையை விடவா வகுப்பறை பாரமானது? அம்மம்மா கணக்காகச் சொல்லாமல் கதையாகச் சொல்வதை ஆசிரியர் கணக்காகவும் எடுத்துக் கொடுத்தால், பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் பிடிப்பு ஏற்படும். எல்லாப் பாடத்தையும் போரில் இருந்து தொடங்கச் சொல்லவில்லை. சீனியில் தொடங்கலாம், களைநாசினி மூடியில் தொடங்கலாம், பூச்சு வேலைக்கு ஒன்றுக்கு ஐந்து என்று சீமெந்தும் மணலும் அளக்கும் மேசன் மாமாவில் தொடங்கலாம். எதில் தொடங்கினாலும் பெருக்கப் போகுமுன் பிள்ளை தன் கொப்பியில் மூன்று வரி எழுதட்டும்: எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது, எதை மாறாததாகக் கொண்டேன், எண்ணப்படாமல் விடப்பட்டவர் யாராவது உண்டா. இந்த மூன்று வரிக்குப் புள்ளி போடுங்கள். விடைக்குப் போடும் புள்ளியை விட ஒன்று கூடுதலாகவே போடுங்கள்.

கமக்கார அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்குப் போகும்போது தர்மபுரம், விசுவமடு, இராமநாதபுரம் பள்ளிக்கூடங்களின் பத்தாம் தரப் பிள்ளைகளில் சிலரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். குளத்தில் எத்தனை அடி, துருசுக்கு மேலே எவ்வளவு நீர், எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், பட்டியலில் இல்லாத குடும்பம் எத்தனை என்ற ஐந்து எண்களை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். பங்கை அவர்கள் கணித்துச் சொல்லட்டும். நீங்கள் கணித்ததோடு அது ஒத்துவராவிட்டால், எங்கே வேறுபடுகிறது என்று அவர்களையே எழுந்து நின்று சொல்லவிடுங்கள்.